மூணாவது வரிசைச் சிரிப்பு

சிரிச்சே சோறு தின்னவ நான். நம்பலைன்னா போங்க, உங்களை நம்ப வைக்கிறதா எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்லை. வளசரவாக்கத்துல டிவி நிகழ்ச்சி எடுக்கிற ஒரு கொட்டகையில, மூணாவது வரிசையில, நாலாவது நாற்காலியில, தலைக்கு மேல மைக்கு தொங்க, பத்தொன்பது வருஷம் உக்காந்து சிரிச்சிருக்கேன். மத்த ஜனங்களை வேன்ல அள்ளிட்டு வருவாங்க, சாயங்காலம் பொட்டலச் சோத்தைக் குடுத்து இறக்கி விட்டுருவாங்க. நான் அப்படி இல்லை, நான் எடுத்துக் குடுக்கிறவ. மேடையில வசனம் முடிஞ்சதும் ஒரு மூச்சு விட்டு மொதச் சிரிப்பை நான் சிரிக்கணும், அதைப் புடிச்சுக்கிட்டு மத்த இருநூறு பேரும் சிரிப்பாங்க. மொதல்ல சிரிக்க எவருக்கும் தைரியம் வராது, பாத்திருக்கீங்களா? பக்கத்துல இருக்கிறவ சிரிக்கிறாளான்னு பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பாங்க. அந்தப் பக்கத்துல இருக்கிறவதான் நான்.

பேரு அம்சவேணி. ஊரு எதுன்னு கேட்டா ஆந்திரா பார்டருன்னு சொல்லுவேன். பொய். நான் குளத்துமேட்டுக்காரி. ஊர் உலகம் எங்களை நரிக்குறவருங்கும், எங்க பாஷையில நாங்க வாக்ரி. பதினெட்டு வயசுல லைட்டு வேலை பாக்குற ஒருத்தனை நம்பி மெட்ராசுக்கு ஓடி வந்தேன், அவன் மொத வாரமே சொல்லிட்டான், "உன் ஆளுங்க யாருன்னு இங்க மூச்சு விட்டுராத, வீடு குடுக்க மாட்டாங்க." நான் மூச்சு விடலை. அவன் நாலு வருஷத்துல போய்ச் சேர்ந்தான், அதுக்கப்புறமும் நான் மூச்சு விடலை. கழுத்து மணியைக் கழட்டினேன், புடவை கட்டுற விதத்தை மாத்தினேன், எங்க பாஷையில கனவு வந்தாக்கூடப் பதறி எந்திரிச்சு உக்காந்தேன். அம்மா சாவுக்குப் போகலை. தங்கச்சி கஸ்தூரி கல்யாணத்துக்குப் போகலை. சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்லித்தானே ஆகணும்.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி ‘சனிக்கிழமைச் சத்திரம்’னு ஒரு சிரிப்பு நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க. அதுல ஊசிமணின்னு ஒரு ஆளு. குணசீலன்னு ஒரு நடிகர் அதைப் பண்ணினாரு, தங்கமான மனுஷன், என்னை ‘வேணிம்மா’ன்னுதான் கூப்பிடுவாரு. அவருக்குத் தலையில துண்டு கட்டி, கழுத்துல பிளாஸ்டிக் மணி ஒரு கூடை மாட்டி, மூஞ்சியில கரியைப் பூசி மேடைக்கு அனுப்புவாங்க. அவரு வந்து நின்னு, "சாமியோவ்! சோப்பா? இது திங்கவா, பூசவா?"ம்பாரு. அவ்வளவுதான் வசனம். வாரா வாரம் பொருள் மட்டும் மாறும், ஒரு வாரம் செல்போனு, ஒரு வாரம் ஓட்டுப் பெட்டி. வாரா வாரம் கடைசியில யார் வீட்டுக் கோழியோ காணாமப் போகும், அது ஊசிமணி மடிக்குள்ள இருந்து கத்தும்.

மொத நாள் எனக்குச் சிரிப்பு வரலை. எங்க அப்பா எங்களைக் குளத்துப் படியில வரிசையா நிக்க வச்சு, கண்ணு எரிய எரிய சோப்புப் போட்டுத் தேய்ச்சு விட்டதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. வசனம் முடிஞ்சு ஒரு மூச்சு ஆச்சு, ரெண்டு மூச்சு ஆச்சு, கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பாக்குது, எங்களை மேய்க்கிற டேவிட் சார் ஓரமா நின்னு "என்னாச்சு வேணி?"ன்னு கையை ஆட்டுறாரு. நான் சிரிக்கலைன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா எவளாவது மோப்பம் புடிச்சுருவா. சிரிச்சேன். வயித்தைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய, அன்னைய வரைக்கும் சிரிக்காத சிரிப்பா ஒரு சிரிப்பு சிரிச்சேன். டேவிட் சாருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. அதைத் தனியா எடுத்து வச்சுக்கிட்டு, எட்டு வருஷமும் ஊசிமணி வர்ற இடத்துல எல்லாம் அதையே ஒட்டினாங்க.

அந்தச் சிரிப்புதான் குளத்துமேட்டுக்குப் போச்சு. எப்படிப் போச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. நடந்ததை எல்லாம் கஸ்தூரி பின்னாடி என்கிட்டச் சொன்னா, அவ சொன்னபடியே நான் சொல்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கஸ்தூரி கடைத்தெருவுக்குப் போய், "அண்ணே, ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி"ன்னு கேட்டா. ஒரு மூச்சு கழிச்சு, தலைக்கு மேல இருந்து, இருநூறு பேரு சிரிச்சாங்க, மொதல்ல ஒரு பொம்பளை, அவளுக்குப் பின்னாடி மத்தவங்க. டீக்கடைக்காரர் ரேடியோவைப் பாத்தாரு, அது அணைஞ்சு கிடந்துச்சு. அண்ணாந்து பாத்தாரு, கூரைதான் இருந்துச்சு. அப்புறம் கஸ்தூரியைப் பாத்தாரு, அவருக்கும் சிரிப்பு வந்துருச்சு. "சக்கரை கம்மியா!"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே டீயை ஆத்தினாரு, பெஞ்சுல இருந்தவங்களும் சிரிச்சாங்க, அவ டீயை வாங்கிக்கிட்டு வந்துட்டா.

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள குளத்துமேட்டுல இருக்கிற அறுபது வீட்டுக்கும் அது வந்து சேந்துருச்சு. ரேஷன் கடையில "மண்ணெண்ணெய் இருக்கா?"ன்னு கேட்டாலும் சிரிப்பு, பஸ்சுல "புது பஸ் ஸ்டாண்டு ஒண்ணு"ன்னாலும் சிரிப்பு, பள்ளிக்கூடத்துல புள்ளைங்க "உள்ளேன் டீச்சர்"னாலும் சிரிப்பு, பேங்குல கையெழுத்து எங்க போடணும்னு கேட்டாலும் சிரிப்பு. வெளியாளுங்ககிட்ட வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் ஒரு மூச்சு, அப்புறம் அந்தப் பொம்பளை, அப்புறம் அந்த இருநூறு பேரு.

ஊரு ஒரே வாரத்துல பழகிருச்சு. ஜனங்க எதுக்குத்தான் பழக மாட்டாங்க? கண்டக்டர் குளத்துமேட்டு ஆளுங்களை முன்னாடி சீட்டுல உக்கார வச்சாரு, பயணிகளுக்குப் பொழுது போகட்டும்னு. காலேஜுல இருந்து நாலு பேரு மெஷினோட வந்து ரெண்டு நாள் சிரிப்பை அளந்து நோட்டுல எழுதிக்கிட்டுப் போனாங்க, திரும்பி வரலை. எலெக்‌ஷனுக்கு நின்ன ஒருத்தரு அவங்களை மேடையில ஏத்தி வணக்கம் மட்டும் சொல்லச் சொன்னாரு, கூட்டம் கலையாம நின்னுச்சு. சிரிச்சவங்க யாரும் கெட்டவங்க இல்லை, அதையும் நான் சொல்லிடணும். டீக்கடைக்காரர் கஸ்தூரி புள்ளைக்கு தினமும் ஒரு பிஸ்கட்டு சும்மா குடுத்தவரு. ஆனா மேல இருந்து சிரிப்பு வந்துருச்சுன்னா, கீழ இருக்கிறவங்களுக்கு அந்தப் பேச்சு காதுல ஏறாது, சிரிக்கிறதுதான் முறைன்னு ஆயிரும்.

எங்க ஜனங்களும் பழகிக்கிட்டாங்க. ஒரு வாக்கியம் சொல்லி முடிச்சதும் சிரிப்பு வந்து போறதுக்கு ஒரு இடம் விட்டு, அது ஓஞ்சப்புறம் அடுத்த வாக்கியத்தை எடுக்கக் கத்துக்கிட்டாங்க. புள்ளைங்க சிரிப்பு வரலைன்னா பேச்சு முடியலைன்னு நெனச்சு வாயைத் திறந்தபடியே நின்னுச்சுங்க. சிரிப்புக்கு ஏத்த மாதிரி பேசினா பாசிமணி கூட வித்துச்சு. அதனால ஜீன்ஸ் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச பசங்க தலையில துண்டைக் கட்டிக்கிட்டாங்க, எங்க தாத்தா காலத்துல விட்டுப்போன ‘சாமியோவ்’ திரும்பி வந்துச்சு, எங்க தலைவர் துரைசிங்கம், கலெக்டர் ஆபீசுல மேசையைத் தட்டிப் பேசின மனுஷன், தாசில்தார் முன்னாடி சோப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "திங்கவா, பூசவா?"ன்னாரு. அன்னைக்குத்தான் அவர் குடுத்த மனுவை வாங்கிக்கிட்டாங்களாம். வீட்டுக்கு வந்து மூணு நாளு அவரு யாருகிட்டயும் பேசலைன்னு கஸ்தூரி சொன்னா.

ரங்கநாதன்னு ஒரு பெரியவரு ஆஸ்பத்திரிக்குப் போய், "நெஞ்சு இழுத்துப் புடிக்குது டாக்டரய்யா"ன்னாரு. சிரிப்பு வந்துச்சு. டாக்டரும் நர்சும் அடக்க முடியாம சிரிச்சு, வாயு மாத்திரை குடுத்து, அவரு முதுகைத் தட்டி அனுப்பி வச்சாங்க. மறுநாள் விடியக்காலம் அவரு செத்துப் போனாரு. சாவுக்கு ஊர்க்காரங்களும் வந்திருந்தாங்க. எங்க பொம்பளைங்க எங்க பாஷையில ஒப்பாரி வச்சாங்க, ரொம்ப நேரம் வச்சாங்க, அப்பத்தான் ஒருத்தி திடுக்குன்னு நிமுந்து பாத்தா. சிரிப்பு வரலை. ஊசிமணி எங்க பாஷையில ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையே, அந்தச் சிரிப்புக்கு அது எங்க தெரியும்?

இது தெரிஞ்ச அடுத்த மாசம் கஸ்தூரி புருஷன் சீதாபதியைப் போலீஸ் புடிச்சுட்டுப் போச்சு. பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுல நகை போயிருந்துச்சு. நகை போனா மொதல்ல குளத்துமேட்டுக்குத்தான் ஜீப்பு வரும், ஊசிமணி மடியில கோழி கத்தறதை எட்டு வருஷமாப் பாத்த ஊரு இல்லையா, சீதாபதி பேரைச் சொன்னதும் எல்லாருக்கும் உண்மை மாதிரியே இருந்துச்சு. ஆனா நகை போன அன்னைக்கு அவரு கஸ்தூரியோட வேளாங்கண்ணித் திருவிழாவுல மணி வித்துக்கிட்டு இருந்தாரு. அதைக் கண்ணால பாத்த ஒரே சாட்சி அவதான். அவ கூண்டுல ஏறிச் சொல்லணும், மாஜிஸ்திரேட்டு அதைக் காது குடுத்துக் கேக்கணும், அவ்வளவுதான் வேணும். தமிழ்ல சொன்னா கோர்ட்டே சிரிக்கும். எங்க பாஷையில சொன்னா யாருக்கும் புரியாது. குளத்துமேட்டு ஆளு ஒருத்தரு மொழிபெயர்த்தா அவரு தலைமேலயும் சிரிப்பு விழும்.

வக்கீல் மெஹருன்னிஸாதான் யோசிச்சுக் கேட்டாங்களாம், "உங்க பாஷை தெரிஞ்சு, அந்தச் சிரிப்பு தொடாத ஆளு யாராவது இருக்காங்களா கஸ்தூரி?"

"ஒருத்தி இருக்கா மேடம்"னு அவ சொல்லியிருக்கா.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை மத்தியானம் கஸ்தூரி எங்க கொட்டகை கேட்டுல வந்து நின்னா. சாப்பாட்டு இடைவேளை, நான் வெளிய வந்தேன். "அண்ணே, அம்சவேணியைப் பாக்கணும்"னு ஒரு பொம்பளை வாட்ச்மேன்கிட்ட கேக்குறா. ஒரு மூச்சு ஆச்சு. தலைக்கு மேல நான் சிரிச்சேன். என் சிரிப்பு எனக்குத் தெரியாதா? இழுத்து, நடுவுல விக்கி, திரும்ப ஏறி, அதே சிரிப்பு. வாட்ச்மேனும் சிரிச்சுக்கிட்டே, "அக்கா, உங்களைத் தேடி யாரோ"ன்னாரு.

இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு அவளைப் பாத்து. அவளை இழுத்துக்கிட்டு எதிர்ல இருந்த மரத்துக்குப் பின்னாடி போனேன், எவரும் பாத்துறக் கூடாதுன்னு. அப்பவும் எனக்கு அந்தப் புத்தி. அவ எங்க பாஷையில எல்லாத்தையும் சொன்னா, டீக்கடையில இருந்து சீதாபதி வரைக்கும் நிதானமாச் சொன்னா.

"என்னை எப்படிடி கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டேன்.

"மெரினாவுல மணி விக்கிற நம்ம ஆளுங்க சொன்னாங்க. வர்றியாக்கா? நீ பேசினா அது வராது. உன்னை யாரும் நம்ம ஆளா நெனைக்கிறதில்லை இல்ல?"

குத்திச் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னா. அந்த நிமிஷமே சொல்லியிருக்கணும், ‘அது என் சிரிப்புடி, நான்தான்டி பாவி’ன்னு. வர்றேன்னு மட்டும் சொன்னேன்.

அவ சாட்சி சொல்ற அன்னைக்குக் கோர்ட்டுல உக்கார இடமில்லை. சிரிப்பைக் கேக்கணும்னே பாதிக் கூட்டம் வந்திருந்துச்சு. சீதாபதியை அப்பத்தான் மொதல்ல பாத்தேன், ஒல்லியா, தாடியோட, ரெண்டு போலீசுக்கு நடுவுல நின்னுக்கிட்டு எனக்குக் கும்பிடு போட்டாரு. மொழிபெயர்க்கிறவங்களும் சத்தியம் பண்ணணுமாம். பேரு, தகப்பன் பேரு, ஊரு சொல்லச் சொன்னாங்க. "அம்சவேணி, தகப்பனார் சோமய்யா, குளத்துமேடு. சாட்சிக்கு நான் கூடப் பொறந்த அக்கா"ன்னேன். சொல்லிட்டு, கண்ணை மூடிக்கிட்டேன். ஒரு மூச்சு ஆச்சு, ரெண்டு மூச்சு ஆச்சு. சிரிப்பு வரலை. என்னை அதுக்கு அடையாளம் தெரியலை.

கஸ்தூரி எங்க பாஷையில பேச ஆரம்பிச்சா. எவ்வளவு நாளாச்சு அந்தப் பாஷையைக் காது நிறையக் கேட்டு! அன்னைக்கு உன் புருஷன் எங்க இருந்தாருன்னு கேட்டாங்க. வேளாங்கண்ணியிலன்னா, நான் அதைத் தமிழ்ல சொன்னேன், மாஜிஸ்திரேட்டு எழுதிக்கிட்டாரு. எத்தனை நாளுன்னு கேட்டாங்க. ஒன்பது நாளுன்னா, நான் சொன்னேன், எழுதிக்கிட்டாரு. கோர்ட்டு கப்சிப்புன்னு இருந்துச்சு. அறுபது வீட்டு ஜனமும் வெளிய ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்குது, வக்கீலம்மா மேசைக்கு அடியில என் பக்கமாக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாங்க.

அரசு வக்கீல் எந்திரிச்சு, "ஒன்பது நாளும் உன் கண்ணு முன்னாடியேதான் இருந்தாரா? ஒரு ராத்திரி நீ தூங்கும்போது பஸ் ஏறி வந்திருக்கக் கூடாதா?"ன்னாரு.

கஸ்தூரி கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் சொன்னா, "அந்த வாரம் பூரா சின்னவளுக்குக் காய்ச்சல். கீழ விட்டா அழுவா. அவருதான் அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு மணல்ல நடந்துக்கிட்டே இருந்தாரு. திருடப் போறவன் காய்ச்சல் புள்ளையைத் தூக்கிட்டா போவான்?"

சொல்லிட்டு நிறுத்தினா. அவளுக்குப் பழக்கம், சிரிப்பு வந்து போறதுக்கு இடம் விடுற பழக்கம், எங்க பாஷையில பேசினாலும் அந்த இடத்தை விட்டுட்டா. கோர்ட்டு மொத்தமும் திரும்பி என்னைப் பாத்துச்சு. கழுத்துல மணி போட்ட ஒருத்தி வசனம் சொல்லி முடிச்சு நிக்கிறா, கூட்டம் என்னைப் பாக்குது, ஒரு மூச்சு ஆயிருச்சு. அவ சொன்னதைத் தமிழ்ல சொல்லத்தான் வாயைத் திறந்தேன், எங்கம்மா மேல சத்தியமா அதுக்குத்தான் திறந்தேன்.

சிரிச்சேன்.

மேல இருந்து வந்ததில்லை அது. அன்னைக்கு அந்தச் சிரிப்பு வரவே இல்லை, நான்தான் சிரிச்சேன், பெத்த தாய் குடுத்த என் வாயால சிரிச்சேன். நிறுத்தப் பாக்குறேன், முடியலை, பத்தொன்பது வருஷ வேலை நடுவுல நிக்குமா? கையால வாயைப் பொத்தினேன், விரலுக்கு நடுவுல வந்துச்சு. மொதல்ல சிரிக்கத் தைரியம் இல்லாம இருந்த கோர்ட்டு என் சிரிப்பைப் புடிச்சுக்கிச்சு. கிளார்க்கு சிரிச்சாரு, போலீசுக்காரங்க சிரிச்சாங்க, மாஜிஸ்திரேட்டு பேனாவைக் கீழ வச்சுட்டுக் கர்ச்சீப்பால வாயை மூடிக்கிட்டாரு. எல்லாம் ஓஞ்சதும் அரசு வக்கீல் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு, "ஐயா, கூடப் பொறந்த அக்காவே நம்பலை." அப்புறம் அழுதுக்கிட்டே அவ சொன்னதை நான் ஒண்ணு விடாமத் தமிழ்ல சொன்னேன். யாரும் எழுதிக்கலை.

சீதாபதிக்கு ரெண்டு வருஷம் போட்டாங்க. அப்பீல் பண்ணலாம்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க, அது வரும்போது வரட்டும், மனுஷன் இப்ப உள்ள இருக்காரு.

தீர்ப்பு சொன்ன அன்னைக்கும் நான் போயிருந்தேன், தூரமா நின்னேன். கஸ்தூரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா, பின்னாடியே போனேன். செருப்பால ரெண்டு போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும், அவ ஒண்ணும் பண்ணலை. பெஞ்சுல கொஞ்சம் நகந்து எனக்கு இடம் விட்டா. தண்ணி பாட்டிலை நீட்டினா.

"கஸ்தூரி, உங்க பின்னாடியே வருதே ஒரு சிரிப்பு, அதுல மொதல்ல சிரிக்கிற பொம்பளை நான்தான்டி"ன்னேன். எட்டு வருஷத்தையும் சொன்னேன், சோப்பு வசனத்தைச் சொன்னேன், பயந்துக்கிட்டுச் சிரிச்சதைச் சொன்னேன்.

"தெரியும்க்கா"ன்னா.

"கோர்ட்டுல சிரிச்சப்பத் தெரிஞ்சுச்சா?"

"டிவியில நீ மொத தடவை சிரிச்சப்பவே தெரியும். கூடப் பொறந்தவ சிரிப்பு தெரியாதா? அம்மாவுக்கு நீ வரலை, என் கல்யாணத்துக்கு வரலை, நீ செத்துட்டதாவே முடிவு பண்ணிட்டோம். ஒரு சனிக்கிழமை திடீர்னு வீட்டுக்குள்ள சிரிக்கிற. துரைசிங்கம் மாமா நாலு தடவை வந்தாரு, இந்தப் பெட்டியாலதான் நமக்கு இந்தக் கேடு, எடுத்துக் குளத்துல போடுன்னாரு. நான்தான் விடலை. வாரம் தவறாமப் போட்டுப் பாப்பேன், நீ சிரிச்சதும், சரி, அக்கா உசுரோடதான் இருக்கான்னு போய்ப் படுத்துக்குவேன்."